வினவியோர்க்கு ஏடு தொகுத்த போல் ஒட்லே

ஒரே வீட்டில் வாழும் தந்தையும் மகனும் ஒரே நேரத்திற் செய்தி பார்க்க அமர்ந்தாலும், இக்காலத்தில் அவ்விருவரும் ஒரே ஏட்டைப் பார்ப்பதில்லை. தந்தையின் கைத்தொலைபேசியில் விரிவது ஒன்று; மகனுடையதில் விரிவது பிறிதொன்று. ஒரே பத்திரிகையைப் பல்லாயிரம் படிகளாக அச்சிட்டு ஊரெங்கும் வழங்கும் முறை ஒருபுறம் நிற்க, ஒவ்வொருவர்க்கும் அவர் திறக்குங் கணத்திலேயே அவர்க்கெனத் தனியேட்டைத் தொகுத்தளிக்கும் முறை கணினியின் ஆற்றலால் உலகெங்கும் பரவிவிட்டது. இவ்வெண்ணம் கணினியோடு உடன்பிறந்தது என்றே நம் மாணவர் பலர் கருதுகின்றனர். அஃது அவ்வாறன்று. கணினி தோன்றுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே, கடதாசி அட்டைகளையும் மர இழுப்பறைகளையும் தபாற் சேவையையும் மாத்திரம் துணையாகக் கொண்டு, வினவிய ஒவ்வொருவர்க்கும் வேண்டியதை வேண்டியவாறு தொகுத்தனுப்பிய பெரியார் ஒருவர் பெல்ஜிய நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் போல் ஒட்லே. நூலகவியல் கற்போர் அவரை நன்கறிவர். ஏனையோரும் அறிதல் நன்றென்று கருதி அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றேன்.

ஒட்லே 1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 23ஆந் திகதி பிரசெல்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் எடுவார் ஒட்லே பெருஞ்செல்வர். பல நாட்டு நகரங்களுக்கு டிராம் வண்டிகளை விற்றுப் பொருளீட்டியவர். பிற்காலத்தில் பெல்ஜிய மூதவையிலும் உறுப்பினராய் இருந்தவர். தாயார் மரியா, போல் மூன்று வயதுக் குழந்தையாய் இருந்தபோதே, தம் இருபத்து நான்காம் வயதில் இறந்தார். பாடசாலை வகுப்பறை பிள்ளைகளின் இயல்பான வளர்ச்சியை அடக்கிவிடும் என்பது தந்தையாரின் கொள்கை. ஆதலின் மைந்தரைப் பாடசாலைக்கு அனுப்பாது, ஆசிரியர்களை வீட்டுக்கு வரவழைத்துக் கற்பித்தார். பதினோராம் வயதில்தான் போல் முதன்முதலாகப் பாரிஸ் நகரத்து இயேசுசபைப் பாடசாலையொன்றிற் சேர்ந்தார். இங்ஙனம் வளர்ந்த சிறுவர்க்கு விளையாட்டுத் தோழர் மிகச் சிலரே. தம்பி மோரிஸ் ஒருவனே நாடோறும் உடனிருந்து விளையாடியவன். எஞ்சிய பொழுதுக்கெல்லாம் நூல்களே துணையாயின. தனிமையிற் பிறந்த இந்நூற்பற்றே பின்னாளில் அவர் வாழ்வு முழுவதையும் ஆட்கொண்டது.

லூவாங் பல்கலைக்கழகத்திலும் பிரசெல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்திலும் சட்டங் கற்று, 1890ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே பெர்நாந்து குளோனர் என்னும் நங்கையை மணந்தார். மார்செல், ஜான் என்னும் ஆண்மக்கள் இருவர் பிறந்தனர். புகழ்பெற்ற வழக்கறிஞரான எத்மோன் பிகாரிடம் இளநிலை வழக்கறிஞராகத் தொழில் பயிலத் தொடங்கினார். பெல்ஜிய நாட்டுச் சட்டங்களையுந் தீர்ப்புக்களையுந் திரட்டிப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டு வந்தவர் இப்பிகார். வழக்காடுந் தொழிலில் ஒட்லேயின் உள்ளம் பொருந்தவில்லை. ஆயின், சிதறிக் கிடக்கும் பல்லாயிரஞ் செய்திகளை ஓரொழுங்குபடுத்தி, வேண்டும்போது எடுத்துத் தரும் அருமைப்பாட்டை அவர் அங்கே கண்டுகொண்டார்.

1891ஆம் ஆண்டில் ஹென்றி லா பொந்தேன் என்பாரைச் சந்தித்தார். லா பொந்தேன் சட்டவறிஞர். ஒட்லேயினும் பதினான்கு வயது மூத்தவர். உலக சமாதானத்திற்காக உழைத்தவர். அத்தொண்டுக்காக 1913ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். இருவர் நட்பும் லா பொந்தேன் 1943இல் இறக்குமளவும், ஐம்பதாண்டுக்கு மேலாகக் குன்றாது நிலைத்தது. பெருஞ்செயல்கள் பல இருவர் கூட்டுறவால் விளைந்தன என்பதற்கு இவர்கள் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

1892ஆம் ஆண்டில், இருபத்து நான்கு வயது இளைஞரான ஒட்லே நூற்பட்டியியல் பற்றிச் சிறு கட்டுரையொன்று வரைந்தார். அவர் பின்னர்ச் செய்த செயல்களுக்கெல்லாம் வித்து அக்கட்டுரையிலேயே உள்ளது. நூலாசிரியன் தன் கருத்துக்கிசைய ஓரொழுங்கை வகுத்து நூலைக் கட்டிவிடுகின்றான். கற்போனுக்கு வேண்டியது அந்நூலில் நான்கு வரியாக இருக்கலாம். வேறொரு நூலில் ஓர் அட்டவணையாக இருக்கலாம். பிறிதொரு சஞ்சிகையில் ஒரு படமாக இருக்கலாம். அவற்றைத் தேடி அவன் நூல்தோறும் அலைதல் வேண்டும். இதற்கு மாறாக, நூல்களின் உள்ளீட்டைப் பிரித்து, ஒவ்வொரு செய்தியையும் ஒவ்வோர் அட்டையில் எழுதிவைத்தால், அவ்வட்டைகளை வினாவுக்கேற்பக் கோத்து, வேண்டுவார் வேண்டும் புதுநூலை எப்போதும் ஆக்கிக்கொள்ளலாம். செய்தி, செய்திக்குக் கூறும் விளக்கம், புள்ளிவிவரம், அவை எடுக்கப்பட்ட மூலம் என நால்வகையாக அவர் நூற்பொருளைப் பகுத்தார். கயிற்றாற் கட்டிய ஓலைச் சுவடியை அவிழ்த்து, ஏடுகளைத் தமக்கு வேண்டிய முறையில் அடுக்கிக்கொள்வதை நினைந்தால் இக்கருத்து நமக்கு எளிதில் விளங்கும்.

அட்டைகளைப் பிரித்தெழுதுதல் எளிது; பிரித்தவற்றை மீண்டுங் கூட்டுதற்கு ஒரு நெறி வேண்டும். அந்நெறியைத் தேடியிருந்த ஒட்லேக்கு 1895ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகரான மெல்வில் தூயியின் தசமப் பகுப்பு அறிமுகமாயிற்று. அறிவுப்பரப்பு முழுவதையும் பத்து வகுப்பாக்கி, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாக்கி, சொல்லுக்குப் பதிலாக எண்ணாற் குறிக்கும் முறை அது. எண் எம்மொழியார்க்கும் பொதுவாதலின், மொழி வேற்றுமை கடந்து எந்நாட்டாரும் அதனைக் கையாளலாம். ஒட்லே தூயிக்குக் கடிதம் எழுதி, அம்முறையைத் தம் தேவைக்கேற்ப விரித்துக்கொள்ள அனுமதி பெற்றார். அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் பிரசெல்ஸ் நகரில் அனைத்துலக நூற்பட்டியியல் மாநாடு கூடியது. நூற்பட்டியியலுக்கான அனைத்துலக நிறுவனமும் உருவாயிற்று.

தூயியின் எண்முறையை ஒட்லேயும் அவர் கூட்டாளிகளும் வெறுமனே மொழிபெயர்க்கவில்லை. அதற்குப் புதிய உறுப்புக்களைத் தந்தனர். ஓர் உதாரணத்தால் இதனை விளக்குகின்றேன். 6 என்பது பயன்படு அறிவியல், 63 வேளாண்மை, 633 வயற்பயிர், 633.1 தானியம், 633.18 நெல். இதுவரை தூயியின் வழி. இவ்வெண்ணுக்கு அருகே அடைப்புக்குள் ஓரெண் எழுதினால் அது நாட்டைக் குறிக்கும். மேற்கோட் குறிக்குள் எழுதினால் காலத்தைக் குறிக்கும். சமக் குறியின் பின் எழுதினால் அந்நூல் எழுதப்பட்ட மொழியைக் குறிக்கும். இரண்டு பொருள்களின் தொடர்பை உணர்த்த வேண்டின் இடையே முக்காற்புள்ளி இடலாம். ஆகவே, இன்ன காலத்தில் இன்ன நாட்டு நெற்பயிர்ச் செய்கைக்கும் அந்நாட்டு வாணிகத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இன்ன மொழியில் எழுதப்பட்ட கட்டுரை என்னும் அத்துணைச் செய்தியும் ஒரு சிறு எண்கோவையில் அடங்கிவிடும். எழுத்துக்கள் புணர்ந்து சொல்லாதல் போல எண்கள் புணர்ந்து பொருள் தரும் இவ்விலக்கணத்தை இலக்கணங் கற்பிப்பவனாகிய நான் வியவாதிருக்க இயலவில்லை. உலகத் தசமப் பகுப்பு எனப் பெயர்பெற்ற இம்முறையின் முழுப்பதிப்பு 1905 முதல் 1907 வரையுள்ள ஆண்டுகளிற் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. இன்றும் பல நாட்டு நூலகங்களில் அது வழக்கிலுள்ளது.

இனி அட்டைகளின் கதையைக் கூறுவேன். 5 அங்குல நீளமும் 3 அங்குல அகலமுங் கொண்ட அட்டைகள் அவை. நூல், கட்டுரை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆக்கியோன் பெயர், தலைப்பு, வெளிவந்த இடம், ஆண்டு, பகுப்பெண் ஆகியவற்றை எழுதி இழுப்பறைகளில் முறைப்பட அடுக்கினர். 1895ஆம் ஆண்டின் இறுதியிலேயே அட்டைகள் 400,000 ஆயின. ஆண்டுதோறும் பெருகி, ஈற்றில் ஒன்றரைக் கோடியையுங் கடந்தன. ஹென்றியின் சகோதரியாரான லியோனி லா பொந்தேனும் இப்பணியில் ஈடுபட்டு உழைத்தார். பெயர் பொறிக்கப்படாத எழுத்தர் பலர் தினந்தோறும் இருந்து எழுதிய எழுத்தே இம்மாபெருங் களஞ்சியமாகும்.

1896ஆம் ஆண்டில் ஒட்லே தபால்வழி விடையளிக்குஞ் சேவையொன்றைத் தொடங்கினார். எந்நாட்டவரும் தாம் அறிய விரும்பும் பொருளைக் கடிதத்தில் எழுதி அனுப்பலாம். கடிதம் வந்ததும் பணியாளர் அவ்வினாவைப் பகுப்பெண்ணாக மாற்றுவர். உரிய இழுப்பறைகளைத் திறந்து பொருந்திய அட்டைகளைத் தெரிந்தெடுப்பர். அவற்றைப் படியெடுத்து, மூலத்தை மீண்டும் அதனிடத்தில் வைத்து, படிகளைக் கட்டணம் பெற்று அனுப்புவர். பல்கேரிய நாட்டு நிதிநிலை பற்றி ஒருவர் வினவினார்; எறிந்தவனிடமே மீளும் பூமராங் என்னும் வளைதடி பற்றி இன்னொருவர் வினவினார். 1912ஆம் ஆண்டளவில் ஓராண்டுக்கு 1,500க்கு மேற்பட்ட வினாக்களுக்கு விடை அனுப்பப்பட்டது. ஒரு வினாவுக்குரிய அட்டைகள் 50க்கு மேற்படும் போலத் தோன்றினால், அதனை முன்னரே வினவியவர்க்கு அறிவிப்பர். வினா அகன்றிருப்பின் அதனைச் சுருக்கிக் கேட்க அவர்க்கு வாய்ப்பளிப்பதே இவ்வறிவிப்பின் பயன் என்பது என் கருத்து. ஆசிரியத் தொழில் புரிவோர் இந்நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். விடையைக் குவிப்பதனோடு நில்லாது, வினாவைத் திருத்திக்கொள்ளவும் துணைசெய்த முறை இது.

களஞ்சியத்தின் முழுப்படியொன்று உலகின் பெருநகர்தோறும் இருத்தல் வேண்டும் என்பது ஒட்லேயின் அவா. பாரிஸ், வாஷிங்டன், ரியோ டி ஜெனிரோ முதலிய நகரங்களுக்கு அட்டைப் படிகளை அனுப்ப முயன்றனர். படியெடுத்தலும் ஏற்றியனுப்புதலும் பெருந்தொல்லையாக முடிந்தமையால், எந்நகரும் சில இலட்சம் அட்டைகளுக்கு மேற் பெறவில்லை. கையால் எழுதும் முறைக்கு ஓரெல்லை உண்டென்பதை ஒட்லே நன்குணர்ந்திருந்தார். 1906ஆம் ஆண்டிலேயே ரொபேட் கோல்ட்ஷ்மிட் என்னும் விஞ்ஞானியோடு சேர்ந்து, நூற்பக்கங்களை நுண்ணிய புகைப்படங்களாக்கிச் சிறு தகட்டில் அடக்கும் வழியை அவர் எடுத்துரைத்தமை இதற்குச் சான்றாகும்.

ஒவ்வொருவர்க்கும் தனித்தனித் தொகுப்பு வழங்கியதோடு ஒட்லே அமைந்துவிடவில்லை. அனைவரும் ஒருங்கு கூடிக் காணும் பொதுவிடமொன்றும் வேண்டும் என்று எண்ணினார். 1910ஆம் ஆண்டில் அனைத்துலகச் சங்கங்களின் ஒன்றியம் அவராலும் லா பொந்தேனாலும் நிறுவப்பெற்றது. அஃது இன்றும் பிரசெல்ஸில் இயங்குகின்றது. அவ்வாண்டு நடந்த உலகப் பொருட்காட்சியை அடியொற்றி அரும்பொருளகம் ஒன்றும் வளர்ந்தது. அறிவு பொதுவாயின் பகை குறையும் என்பது அவர் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்குக் காலம் கொடிய விடை அளித்தது. 1914ஆம் ஆண்டில் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியப் படை பெல்ஜியத்துட் புகுந்தது. இளைய மகன் ஜான் ஈசர் ஆற்றங்கரைப் போரில் மாண்டான். மகனை இழந்த தந்தை அவ்வாண்டிலேயே, போரின் முடிவையும் நாடுகளெல்லாம் கூடி வகுக்கத்தக்க உலகச் சாசனத்தையும் பற்றி நூலொன்று வெளியிட்டார். தம் துயரைப் பிறர் துயர் தடுக்கும் முயற்சியாக மாற்றிக்கொண்ட அவருள்ளம் போற்றத்தக்கது.

போர் ஓய்ந்தபின், சர்வதேச சங்கத்தின் தலைமையிடம் பிரசெல்ஸுக்கு வருமென்ற எண்ணத்தால் பெல்ஜிய அரசாங்கம் ஒட்லேக்கு ஆதரவளித்தது. நகரின் ஐம்பதாண்டு நிறைவுப் பூங்காவிலுள்ள மாளிகையில் ஒரு பகுதி கிடைத்தது. 1920ஆம் ஆண்டில் அங்கே உலக மாளிகை திறக்கப்பெற்றது. அட்டைக் களஞ்சியம், நூலகம், அரும்பொருளகம் ஆகியன ஓரிடத்தில் அமைந்தன. 1924ஆம் ஆண்டில் அதற்கு முண்டனேயம் என்னும் பெயரை இட்டார். உலகம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் ஆக்கிய பெயர் அது. ஆயின், சர்வதேச சங்கம் ஜெனிவா நகரையே இருப்பிடமாகக் கொண்டது. அதன்பின் அரசாங்கத்தின் ஆர்வம் படிப்படியாகத் தணிந்தது. குடும்பச் செல்வமும் முன்னரே குலைந்திருந்தது. முதல் மணம் முறிவுற்றபின் 1912இல் அவர் மணந்த கற்றோ வான் நெடர்ஹாசெல்ட் என்னும் டச்சுப் பெருமாட்டியின் செல்வமே அவர் முயற்சிகளுக்கு ஊன்றுகோலாயிற்று. 1929ஆம் ஆண்டளவிற் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே ஜெனிவாவில் அமைக்கத்தக்க முண்டனேயத்துக்கு வரைந்து கொடுத்த திட்டம் கடதாசியிலேயே நின்றுவிட்டது.

1934ஆம் ஆண்டில் அரசாங்கம் மாளிகையைப் பூட்டிவிட்டது. அறுபத்தாறு வயது முதியவரான ஒட்லே பூட்டிய கதவின் வெளியே காத்திருந்து தம் எதிர்ப்பைக் காட்டினார், பயன் விளையவில்லை. இத்துயரம் நேர்ந்த அவ்வாண்டிலேயே அவர்தம் தலைசிறந்த நூலாகிய ஆவணவியல் பற்றிய பெருநூல் வெளிவந்தது. அதில் அவர் வருங்காலக் கற்கும் மேசையொன்றை வருணிக்கின்றார். அம்மேசைமீது நூல் ஒன்றேனும் இல்லை; ஒரு திரையும் ஒரு தொலைபேசியும் உள்ளன. நூல்களும் குறிப்புக்களும் சேய்மையிலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. கற்போன் தொலைபேசியிற் கேட்ட பக்கம் அவன் திரையிலே தோன்றுகின்றது. பல ஆவணங்களை ஒப்புநோக்க விரும்பினால் திரையைப் பலவாகப் பிரித்துக்கொள்ளலாம். கேட்கத்தக்கதை ஒலிபெருக்கி ஒலிக்கும். தொலைக்காட்சியே நாட்டில் வழங்காத காலத்தில் எழுதிய எழுத்து இது. கதவை அடைத்தார், கருத்தை அடைக்க முடியவில்லை.

1940ஆம் ஆண்டில் ஜெர்மானியர் இரண்டாம் முறை பெல்ஜியத்தைக் கைப்பற்றினர். நாசி ஆட்சியின் கலைப்பொருட் காட்சிக்கு இடம் வேண்டி முண்டனேயத்தை அப்புறப்படுத்தினர். சேர்த்துவைத்தவற்றிற் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியதை லெயோபோல்ட் பூங்காவிலுள்ள சிதைந்த கட்டடமொன்றுக்கு எடுத்துச் சென்று, இயன்றவாறு மீண்டும் அடுக்கினார் ஒட்லே. ஐம்பதாண்டு கட்டிய மாளிகை தம் கண்முன்னே கலைந்தும், அட்டைகளைப் பொறுக்கியெடுத்து அடுக்கிய அம்முதியவரின் உறுதியை எவ்வாறு புகழ்வது! பிரசெல்ஸ் விடுதலை பெற்ற சில மாதங்களின்பின், 1944ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆந் திகதி, எழுபத்தாறாம் வயதில் அவர் உலகவாழ்வை நீத்தார்.

பின்னர் நெடுங்காலம் உலகம் அவரை மறந்தது. 1968ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய அறிஞரான பொய்ட் ரேவார்ட் அக்கட்டடத்துட் புகுந்து, தூசு படிந்த நூற்குவியல்களிடையே ஒட்லேயின் அறை அவர் விட்டுச்சென்றவாறே இருக்கக் கண்டார். அவ்வறிஞர் எழுதிய ஒட்லே வரலாறு 1975ஆம் ஆண்டில் மொஸ்கோ நகரில் அச்சாயிற்று. 1998ஆம் ஆண்டில் மோன்ஸ் நகரில் முண்டனேயம் ஆவணக் காப்பகமாக மீண்டுந் திறக்கப்பெற்றது. 2013ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அவ்வட்டைக் களஞ்சியத்தை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்துக்கொண்டது.

ஒருவர் குணத்தைக் கூறுவோர் குற்றத்தையுங் கூறுதல் முறையாகும். ஒட்லே தம் காலத்து ஐரோப்பியர் பலரைப்போல ஆபிரிக்க மக்களைத் தாழ்வாக மதித்தவர். 1888ஆம் ஆண்டில் இளமையில் அவர் எழுதிய சிறுநூலில் அம்மனப்பான்மை வெளிப்படையாக உள்ளது. தூயியினிடமிருந்து பெற்ற பகுப்பில் சமயத்துக்குரிய எண்களிற் பெரும்பகுதி கிறித்துவத்துக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. சைவம், பௌத்தம், இஸ்லாம் முதலியன ஈற்றில் ஒரு மூலையில் அடங்கின. இஃது ஒருதலைப் பட்சமான அடுக்கு என்பதில் ஐயமில்லை. ஆயின், அவ்வடுக்கு அச்சேறி யாவர்க்கும் முன்னே விரிந்து கிடந்தது. ஆதலின் அறிஞர் அதன் பிழையைக் கண்டனர், எடுத்துக் கூறினர், வாதித்தனர். 2000ஆம் ஆண்டளவில் உலகத் தசமப் பகுப்பின் சமயப் பிரிவு, சமயங்களை ஒத்த நிலையில் வைத்து மாற்றியமைக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் பிழையே திருத்தத்துக்கு உரியது.

இந்த இடத்திலேதான் ஒட்லேயின் வாழ்க்கை நம் காலத்துக்கு ஓர் அளவுகோலாகின்றது. முகநூல் 2006ஆம் ஆண்டு முதல் ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறான செய்தியோடையை வழங்குகின்றது. கூகிள் நிறுவனம் 2009ஆம் ஆண்டு டிசெம்பர் மாதந் தொடங்கி, ஒரே சொல்லைத் தேடிய இருவர்க்கும் அவரவர் முன்னர்த் தேடியவற்றை நோக்கி வேறுவேறு விடை வரத்தக்க முறையை எல்லார்க்கும் விரித்தது. 2022ஆம் ஆண்டு நவெம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்ற பொறிகள், கேட்ட பொருளுக்கு விடையைத் தாமே வாக்கியங்களாகக் கோத்துத் தருகின்றன. ஒட்லே கனவு கண்ட மேசையினும் இவை பன்மடங்கு விரைவுடையன. தொலைவிலுள்ள சிற்றூர் மாணவன் ஒருவன், பிரசெல்ஸ் இழுப்பறைகள் ஒருபோதும் தரமுடியாத அளவு செய்தியை ஒரு நொடியிற் பெறுகின்றான். இந்நன்மையை மறுப்பது நேர்மையன்று.

எனினும் வேற்றுமை மூன்று உள. ஒட்லேயின் முறையில் வினா முந்தியது. வினவாதவர்க்கு எதுவும் வாராது. இன்றைய ஓடையோ, நாம் நேற்று எதிற் கண் நிறுத்தினோம் என்பதைக் கணக்கிட்டு, வினவுமுன்னரே கொண்டுவந்து நிரப்புகின்றது. ஒட்லேயின் அட்டை ஒவ்வொன்றும் தான் எந்நூலினின்று வந்தது என்பதைத் தாங்கியிருந்தது. பெற்றவர் மூலத்தைத் தேடிச் சரிபார்க்கலாம். இன்றைய பொறியின் விடை பலவேளைகளில் மூலங் காட்டாது வருகின்றது. காட்டினும் தேடிப் பார்ப்போர் சிலரே. ஒட்லேயின் அடுக்குமுறை யாவர்க்கும் வெளிப்படை. இருவர் வேறுவேறு தொகுப்பைப் பெற்றால், ஏன் வேறாயிற்று என்பதை அவர்தம் வினாக்களை ஒப்பிட்டு அறியலாம். இன்றைய அடுக்குமுறையோ நிறுவனங்களின் மறைபொருள். தந்தையும் மகனும் ஏன் வெவ்வேறு உலகத்தைக் காண்கின்றனர் என்பதை அவ்விருவரும் அறியார். அறியாதவற்றோடு வாதிடுவது எங்ஙனம்? திருத்துவது எங்ஙனம்?

தொகுப்பு தனியாயினும் களஞ்சியம் பொதுவாயிருத்தல் வேண்டும் என்பதே ஒட்லேயின் வாழ்வு தரும் பாடமென நான் கொள்கின்றேன். தபாலில் தனித்தனி அட்டை அனுப்பிய அவரே, எல்லாரும் வந்து காணும் அரும்பொருளகத்தையும் கட்டினார். ஒன்று மற்றொன்றின்றி நிறைவு பெறாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

இப்பாடம் நம் மண்ணுக்கும் ஒரு வழியால் வந்து சேர்ந்தது. சீர்காழியில் 1892ஆம் ஆண்டிற் பிறந்து, கணித ஆசிரியராய் இருந்து, 1924ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன், இலண்டன் மாநகரக் கடையொன்றில் துண்டுகளைப் பொருத்தி வேறுவேறு உருவமைக்கும் விளையாட்டுக் கருவியைக் கண்டு, பொருட்கூறுகளைக் கோத்து எண்ணமைக்கும் பகுப்பு முறையொன்றை வகுத்தார். ஒட்லே தொடர்புக்குறியாகக் கையாண்ட அதே முக்காற்புள்ளி அரங்கநாதனுடைய முறைக்குப் பெயராகவே அமைந்தது; 1933ஆம் ஆண்டில் அம்முறை வெளிவந்தது. 1931ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தனுள், வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பதும் ஒன்று. ஒட்லே நிறுவிய நிறுவனத்தின் வழிவந்த அனைத்துலக ஆவணவியற் கூட்டமைப்பின் பகுப்பாய்வுக் குழுவில் அவர் பல்லாண்டு தொண்டாற்றினார். யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்துக்குக் கட்டடம் எழுப்பத் திட்டமிட்ட காலத்தில் ஆலோசனை கூறியவரும் இவ்வரங்கநாதனே. 1933ஆம் ஆண்டில் தனியார் ஒருவர் முயற்சியாகத் தொடங்கி, 1959ஆம் ஆண்டிற் புதுக்கட்டடங் கண்ட அந்நூலகம் 1981ஆம் ஆண்டில் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதை இப்பக்கங்களைப் படிப்போர்க்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பொதுக் களஞ்சியம் அழிந்தால் என்ன நேரும் என்பதை முண்டனேயத்தின் கதையைப் படித்து அறியவேண்டிய நிலையில் நாம் இல்லை. அந்நூலகம் மீண்டும் எழுந்தது. 2005ஆம் ஆண்டிற் தொடங்கிய எண்ணிம நூலகமும் ஈழத்து ஏடுகளை யாவர்க்கும் பொதுவாகத் திறந்து வைத்திருக்கின்றது. இவையெல்லாம் ஒட்லேயின் வழியிற் செல்லும் பணிகளே.

ஆசிரியர்களாகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கைத்தொலைபேசியை மாணவனிடமிருந்து பறித்தல் அன்று அது. தானே வந்து நிரம்பும் ஓடையில் மிதவாது, தெளிந்த வினாவோடு களஞ்சியத்தின் வாயிலுக்குச் செல்லும் பழக்கத்தை அவனுக்கு ஊட்டுதல் வேண்டும். பெற்ற விடைக்கு மூலம் யாது என்று கேட்கவும், அயலிலிருக்கும் தோழன் பெற்ற விடையோடு தன் விடையை ஒப்பிடவும் பயிற்றுதல் வேண்டும். வகுப்பில் ஒரு பொருளைக் கொடுத்து, ஒவ்வொரு மாணவனும் தான் கண்ட விடையையும் அதன் மூலத்தையும் சிறு அட்டையில் எழுதி வரச் செய்து, அவ்வட்டைகளையெல்லாம் ஒரு மேசைமீது பரப்பி, எல்லாரும் பார்க்க அடுக்கச் செய்யலாம். அதற்குப் பெரும்பொருட் செலவில்லை. அட்டையும் எழுதுகோலும் ஒரு மேசையும் போதும். பிரசெல்ஸ் நகரிற் போல் ஒட்லே தம் பணியைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தனவும் ஏறத்தாழ அவையே.